வரைபடத்தில் நீ விட்டுப்போன மூலை

கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த வரைபடத் தாளை இன்றிரவு விரித்தேன். ஸாத்தர் மணத்தது. எள்ளையும் காய்ந்த இலைத் தூளையும் ஒலிவ் எண்ணெயில் குழைத்து ரொட்டியில் பூசித் தின்பாயே, அந்த மணம். மொரோக்கோவில் உன் பெருவிரலின் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது.

தமிழில் எழுதுகிறேன். "உன்ர வட்ட எழுத்திலை என்னைப் பற்றி ஒருநாள் எழுது. ஏசினாலும் எனக்குத் தெரியாதே" என்று சொன்னவள் நீ. நாம் பேசியது ஆங்கிலம். இங்கே உன்னை எங்கள் வீட்டுத் தமிழில் பேசவைக்கிறேன். கோபிக்காதே.

நாளை வகுப்பில் அரபு நாடுகளைப் பற்றி நாம் இருவரும் பேசுவதாக இருந்தது. நாடுகள் என் பங்கு. அவற்றை ஒன்றாக்குவது எது என்பது உன் பங்கு. அதற்காகக் கீழ் மூலையை வெறுமையாக விடச்சொன்னாய். "எழுதமாட்டன், நிண்டு சொல்லுவன்" என்றாய். இந்தக் குளிர்காலத்தில் இரத்தப் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மூலை அப்படியே இருக்கிறது.

வேறு தலைப்பு எடுக்கலாம் என்றார் ஆசிரியை. அம்மா அதையே பிடித்துக்கொண்டார். "உனக்கேன் பிள்ளை உந்த வில்லங்கம்? கனடாவிலை எத்தினை மிருகம் இருக்கு, ஒண்டைப் பற்றிக் கதையன்." தாளை எறியவும் சொல்லிவிட்டார். அதனால்தான் அது கட்டிலுக்கடியில் கிடந்தது.

எனக்கும் பயம்தான். பின்வரிசைக்காரி ஏதாவது கேட்டுவிடுவாள். "அரபு எண்டா எங்கட கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திலை உனக்கென்ன வேலை?" என்று அவள் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? "யேசு எங்கை பிறந்தவர் எண்டு நினைச்சாய், ஒட்டாவாவிலையோ?" என்றாய். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த வாய் இல்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே, உங்கள் வீட்டுத் தரையில் வைத்துத்தான் இந்தத் தாளுக்கு நிறம் தீட்டினோம். அரபு நாடுகளுக்குப் பச்சை. நான் ஈரானுக்கும் துருக்கிக்கும் சேர்த்துப் பச்சை அடித்துவிட்டேன். நீ தலையில் கைவைத்தாய்.

"ஈரானிலை பாரசீகம், துருக்கியிலை துருக்கி மொழி. முஸ்லிம் எல்லாரும் அரபு இல்லையடி. அரபு எல்லாரும் முஸ்லிமும் இல்லை. என்னைப் பார்."

அலெப்போவிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம் உங்களுடையது. பச்சையின்மேல் நீயே வெள்ளை பூசினாய். அப்படியும் மொரோக்கோவிலிருந்து ஓமான் வரை பச்சை மிச்சமிருந்தது.

"புத்தகத்திலையும் செய்தியிலையும் ஒரே அரபு. வீட்டிலை வேற வேற. மொரோக்கோக்காரர் வேகமாக் கதைச்சா எனக்கு அரைவாசி விளங்காது. ஆனா எகிப்துப் படம் பாத்துப் பாத்து எகிப்துக்காரரின்ர பேச்சு எல்லாருக்கும் விளங்கும்."

"நாங்களும் சென்னைத் தமிழைப் படம் பாத்துத்தான் பழகினாங்கள்" என்றேன்.

"எங்களுக்கு இருபத்திரண்டு நாடு. உங்களுக்கு ஒண்டுமில்லை. ஒண்டு தரட்டே?"

"இருபத்திரண்டும் ஒற்றுமையோ?"

"ஒரே பாட்டுக்கு எல்லாரும் அழுவம். ஒண்டா முடிவெடுக்க மட்டும் வராது."

"எங்கட ஊர்ச் சங்கங்கள் மாதிரி" என்றேன். நீ சிரித்தபோதுதான் அந்த எண்ணெய்க் கை தாளில் பட்டது.

பிறகு மருத்துவமனை. உன் அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே "யா அல்லா" என்றபோது என் அம்மா திகைத்துப்போனார். "கோயிலிலையும் நாங்கள் அப்பிடித்தான் சொல்லுவம் அன்ரி, அரபியிலை கடவுளுக்கு அதுதான் சொல்" என்று படுக்கையிலிருந்தபடி நீ விளக்கினாய்.  அம்மா தன் செபமாலையை எடுத்துக்கொண்டு உன் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அன்றுதான் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே'யின் முதல் வரியை அரபியில் எனக்குச் சொல்லித்தந்தாய்.

சற்றுமுன் அதை முணுமுணுத்துப் பார்த்தேன். அபானா அல்லதீ ஃபிஸ்ஸமாவாத். கதவுக்கு வெளியே அம்மாவின் குரல்.

"ஆரோடையடி கதைக்கிறாய்?"

தாளை அவசரமாகப் போர்வைக்குள் தள்ளினேன். "செபம் சொல்லுறன் அம்மா."

பொய்யில்லை. அம்மா உடனே போகவில்லை.

"அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லு."

நாளை இந்தத் தாளைக் கொண்டுபோகிறேன். பின்வரிசைக்காரி பார்த்துக்கொண்டிருப்பாள். மொழி, படம், பாட்டு, சண்டை என்று நீ சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொல்வேன். வெறும் மூலைக்கு வந்ததும் நீ சொல்லித்தந்த அந்தச் செப வரியை அரபியிலேயே சொல்வேன். என் உச்சரிப்பைக் கேட்டு நீ சிரிப்பாய். சிரி.