புறப்பட்ட இடம்

3 ஜூன் 2024, திங்கள்

கல்லூரி நூலகத்தில் இன்று புது மின்விசிறி மாட்டினார்கள். சுழலத் தொடங்கிய முதல் சில நொடிகள் அதே ரீங்காரம். கையிலிருந்த புத்தகங்களை மேசையில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் நின்றேன். டோரதி மேடம் பின்னாலேயே வந்து, "பிரஷரா நர்மதா?" என்றார். ஆமாம் என்றேன்.

மாலை வீடு திரும்பினால் வாசலில் தம்பியின் மனைவி மகிழினி. தம்பி திலீப் இறந்த இந்த நாலு மாதத்தில் அவள் எர்ணாவூருக்கு வருவது இதுவே முதல் தடவை. மடியில் திலீப்பின் கறுப்புப் பெட்டி. அந்த ட்ரோன்.

"அண்ணி, இத்த ரிப்பேர் பண்ணி குடு. ரகுபதி அண்ணன் மாசக் கடைசில புதுப் போட்டு கடல்ல எறக்குது. மேலேர்ந்து படம் எடுக்க ஆளு கேட்டுச்சு. நான் எடுக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"உனக்கு ஓட்ட வருமா?"

"அவரு கத்துக் குடுத்துகீறாரு. உன் அளவுக்கு வராது. ஆனா வரும்." காப்பியைக் குடிக்காமலே எழுந்தாள். "மெஷின்ல இன்னா கோளாறுன்னு மட்டும் நல்லா பாக்கச் சொல்லு. அந்தக் கோளாறுதான அவர காவு வாங்கிடுச்சு."

கோளாறு. அப்படிச் சொன்னது நான்தான்.

4 ஜூன்

பெட்டியைத் திறக்கவில்லை. அலமாரிமேல் வைத்தேன், கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

5 ஜூன், புதன்

பிப்ரவரிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "சிக்னல் அறுந்து ட்ரோன் தானாகத் திரும்பியது. அதைப் பிடிக்கப் போய்த் தம்பி..." என் கையெழுத்துதான். யாருமே படிக்காத நோட்டில்கூடப் பொய்யை எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதாவது எழுதுகிறேன்.

படம் எடுக்க ரகுபதி அண்ணனின் பழைய போட்டில் போனோம். ஆடுகிற போட்டில் ட்ரோனை இறக்க முடியாது. தலைக்கு மேல் வந்து நிற்கும்போது ஒருவர் எட்டி அதன் அடிவயிற்றைப் பிடிக்க வேண்டும். எப்போதும் தம்பி ஓட்டுவான், நான் பிடிப்பேன். அன்றைக்கு அலை அதிகம். "நீ ஓட்டுக்கா, நான் புடிக்கிறேன்" என்று ரிமோட்டை என் கையில் திணித்தான்.

முகத்துவாரத்துக் கற்களுக்குப் பக்கத்தில் ட்ரோனை ஏற்றினோம். போட்டு கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று காற்று. ட்ரோன் ஒருக்களித்தது. பயந்துவிட்டேன். திரும்பி வரச் சொல்லும் பட்டனை அழுத்தினேன்.

அது சொன்னபடி திரும்பியது, புறப்பட்ட இடத்துக்கு. நாங்கள் அங்கே இல்லை.

வெறும் தண்ணீருக்கு மேலே போய் நின்று மெல்ல இறங்கத் தொடங்கியது. "அண்ணே, திருப்பு! திருப்பு!" என்று தம்பி கத்தினான். ரகுபதி அண்ணன் போட்டைக் கற்களை நோக்கித் திருப்பினார். தம்பி போட்டின் விளிம்பில் ஏறி இரண்டு கைகளையும் தூக்கினான். பக்கவாட்டில் ஓர் அலை. ட்ரோன் கல்லில் விழுந்தது. அவனும்.

அதே பட்டனை இன்னொரு முறை அழுத்தியிருந்தால் ட்ரோன் நின்றிருக்கும். எனக்குத் தெரியும். விரல் அசையவில்லை.

கரையில் யாரோ "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார்கள். "சிக்னல் போயிடுச்சு" என்றேன். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு அது என்னுடையதாக இல்லை, ஊருடையதாகிவிட்டது.

9 ஜூன், ஞாயிறு

ராயபுரத்தில் ட்ரோன் பழுது பார்க்கும் ஜுபைரின் கடை. ஆள் நிற்க இடமில்லாத கடை.

"இன்னா மேடம், கல்லாண்ட குஸ்தி போட்டுச்சா?" என்று சிரித்தபடி பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் தம்பியின் பெயர்ச் சீட்டு. சிரிப்பு நின்றது. "திலீப்போடதா... மன்னிச்சிக்கோங்க மேடம். நம்ம தோஸ்து."

ட்ரோனின் முன்கை ஒன்று உடைந்திருக்கிறது. கேமரா ஒரு நாடாவில் தொங்குகிறது. மோட்டாருக்குள் மணல். பேட்டரியைக் கையில் எடுத்தவர் முகம் மாறியது. அது தலையணைபோல உப்பியிருந்தது.

"இத்த எங்க வச்சிருந்தீங்கோ?"

"கட்டிலுக்கடியில."

"சரியாப் போச்சு! பத்திக்கினா கட்டிலோட போயிருப்பீங்கோ." மணல் வாளிக்குள் போட்டு வெளியே கொண்டுபோய் வைத்தார். நான் அதன்மேல் ஐந்து நாள் படுத்திருக்கிறேன். மகிழினி வீட்டில் நாலு மாதம் இருந்திருக்கிறது.

"கோளாறு என்னன்னும் பார்த்துடுங்க" என்றேன். தம்பியின் போன் பெட்டியிலேயே இருந்தது. பறந்த கணக்கெல்லாம் அதில் பதிந்திருக்குமாம். ஏன் பார்க்கச் சொன்னேன்? உண்மையிலேயே ஒரு கோளாறு இருந்துவிடாதா என்றுதான்.

15 ஜூன், சனி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கிளம்பிவிட்டன. பஸ் நிறுத்தத்தில் ரகுபதி அண்ணனைப் பார்த்தேன். இளைத்துவிட்டார். புதுப் போட்டில் இன்ஜின் பக்கம் தனக்குப் பதில் வேறு ஆளைப் போடப்போகிறாராம்.

"முப்பது வருசமா கடல்ல கீறேன்மா. கல்லாண்ட போட்டத் திருப்பலாமா? புள்ள கத்துச்சேன்னு திருப்பிட்டேன்."

"சிக்னல் போனதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?"

இதை எப்படிச் சொன்னேன்? முதல் தடவையைவிட இன்றைக்குச் சுலபமாக வந்தது.

16 ஜூன், ஞாயிறு

ஜுபைர் போனை என் பக்கம் திருப்பினார். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல மேடம். சிக்னல் ஃபுல்லா கீது பாருங்கோ. காத்து ஜாஸ்தி, அவ்ளோதான். இந்த எடத்துல ஹோம் பட்டன் அழுத்திகீது. அது சொன்னத்த கேட்டுச்சு."

ஒரு கன்டெய்னர் லாரி கடையை அதிரவைத்துக்கொண்டு போனது.

"யாரு ஓட்டுனது?"

நான் போனை அவர் பக்கமே தள்ளினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. திருப்புளியை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இனிமே யாரு போட்லேர்ந்து ஏத்துனாலும் ஒண்ணு சொல்லிடுங்கோ. அதுக்கு போட்டு நவுர்றது தெரியாது. ஏத்துன எடம்தான் அதுக்கு வூடு."

மெமரி கார்டைத் தனியாக ஒரு காகித உறையில் தந்தார். "நான் பாக்கல."

17 ஜூன்

பார்த்தேன். கேமரா கீழ்நோக்கியிருக்கிறது. வெகுநேரம் வெறும் தண்ணீர். ஓரத்திலிருந்து போட்டு உள்ளே வருகிறது. அண்ணாந்த முகம். இரண்டு கைகள் பெரிதாகி, பெரிதாகி —

சிரித்துக்கொண்டிருக்கிறான். பிடித்துவிடுவோம் என்றுதான் நினைத்திருக்கிறான்.

19 ஜூன், புதன்

மகிழினியைப் போனில் கூப்பிட்டேன். "போட்டிலிருந்து ஏத்தப் போறியே, பயமா இல்லையா?" என்றேன்.

"இன்னா பயம்? அவரு சொல்லிகீறாரு. காத்து அடிச்சா பட்டன அழுத்து, தானா உன்னாண்ட வந்துடும்னு."

தம்பி அவளுக்குக் கற்றுத் தந்தது கடற்கரை மணலில். மணல் நகராது. அங்கே அது சரி.

அவளும் அழுத்துவாள். வேறு யாராவது கை நீட்டுவார்கள். ஏத்தாதே என்று தடுத்தால் ஏன் என்று கேட்பாள். "மறந்தும் அழுத்தாதே" என்று மட்டும் சொன்னால் போதாதா? போதாது. அது உனக்கு எப்படித் தெரியும் என்பாள்.

22 ஜூன், சனி

எர்ணாவூர் மைதானத்தில் சோதனை ஓட்டம். புது இறக்கைகள், புது பேட்டரி. தகரக் கொட்டகை, கம்பி வேலி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நடுவில் நிற்கவைத்தார் ஜுபைர். இரும்பு பக்கத்தில் இருந்தால் அதற்குத் திசை குழம்புமாம். சாவிக்கொத்தைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார். திசைகாட்டியைச் சரிசெய்ததும், "மொதல்ல இடுப்பு உசரம். ரெண்டு நிமிஷம். நவுருதான்னு பாப்போம்" என்றார்.

நகரவில்லை. மகிழினி ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் நான் நாலடி பின்னால் போய் நின்றேன். அவள் முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு ஏதோ வெளிச்சம். "கோளாறு போயிடுச்சு அண்ணி!"

ஜுபைர் என்னைப் பார்த்தார். ஏதோ போன் வந்ததுபோலத் தள்ளிப் போய்விட்டார்.

"கோளாறே இல்ல மகிழினி. சிக்னல் போகல. பட்டன அழுத்துனது நான்."

அவள் முதலில் ட்ரோனை இறக்கினாள். இறக்கைகள் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு முழுவதையும் சொன்னேன், போட்டு நகர்ந்ததை, அசையாத விரலை. அவள் ட்ரோனில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, அதன் கைகளை ஒவ்வொன்றாக மடித்து, பெட்டியில் வைத்தாள்.

"ரகுபதி அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அந்த மனுசன் தெனம் வந்து எங்கூட்டு வாசல்ல நின்னுட்டுப் போகுது. தெரியுமா உங்களுக்கு?"

என்னை அவள் ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை.

"போங்க" என்றாள். வந்தேன்.

23 ஜூன், ஞாயிறு

முகத்துவாரக்குப்பம் போய் ரகுபதி அண்ணனிடம் சொன்னேன். புதுப் போட்டின் நிழலில் உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டார். "திருப்புனது நான்தானம்மா" என்றார் கடைசியில். எழுந்து தண்ணீரோரம் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார்.

26 ஜூன்

யாரும் கூப்பிடவில்லை. நூலகத்து மின்விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். சத்தம் போகவில்லை. நானும் எழுந்து போகவில்லை.

29 ஜூன், சனி

மகிழினியிடமிருந்து ஒரு செய்தி. "நாளைக்கு காலைல ஆறு மணி. புடிக்க ஆளு வேணும்." வேறு ஒன்றுமில்லை.

30 ஜூன், ஞாயிறு

ட்ரோன் பறக்கவிட அனுமதி கேட்டு மகிழினி போலீஸ் ஸ்டேஷனில் கடிதம் கொடுத்திருந்தாள். வரைபடத்தில் துறைமுகப் பக்கம் பறக்கத் தடை என்று சிவப்பாக இருந்ததால் வடக்கே தள்ளி, கற்களைத் தாண்டி வெகுதூரம் போன பிறகே ஏற்றுவது என்று முடிவாம். இதெல்லாம் ரகுபதி அண்ணன் சொன்னார். இன்ஜின் பக்கம் அவரே உட்கார்ந்திருந்தார்.

ரிமோட்டைப் பார்த்தேன். அந்தப் பட்டன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது, இரண்டு சுற்று.

மகிழினி என் முகத்தைப் பார்க்காமல் வந்தாள். கையில் நைலான் கயிறு. என் இடுப்பைச் சுற்றிக் கட்டி, மறுமுனையைப் போட்டின் குறுக்குக் கட்டையில் கட்டினாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

என் உள்ளங்கையிலிருந்துதான் ட்ரோன் எழும்பியது. அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எதிரே சின்னப் புள்ளியாகிப் போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. திரும்பும் நேரத்தில் காற்று. அதே மாதிரி ஒருக்களித்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவள் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். டேப்பின் பக்கம் போகவேயில்லை. உயரத்தைக் குறைத்து, போட்டின் போக்கிலேயே மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வந்தாள். ரகுபதி அண்ணன் வேகத்தைக் குறைத்தார். திருப்பவில்லை.

"கையத் தூக்கு அண்ணி."

தூக்கினேன். சத்தம் பெரிதாகி, பெரிதாகித் தலைக்கு மேலே வந்து நின்றது. அண்ணாந்து பார்த்தேன். அவன் கடைசியாகப் பார்த்ததும் இதைத்தான். பிடித்தேன்.

கரை சேர்ந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இடுப்புக் கயிற்றை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் ஆனது. அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாள்.