நீ சுற்றிய இடம்புரிச் சுருள்

விரல்களில் துருவாடை. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. ஒரு மணி நேரமாக உன் கம்பிச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா விழித்துவிடுவாரோ என்று மெழுகுவர்த்தியைக் கட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்து உனக்கு எழுதுகிறேன். பயமாக இருக்கிறதடி.

நாளை சுங்கைப் பட்டாணியில், நம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நீ காய்ச்சலில் போய் ஒரு மாதம் ஆகிறது. நாம் இருவரும் நிற்கவேண்டிய மேசையில் நான் மட்டும் நிற்கப்போகிறேன். உன் அம்மாவும் வருகிறார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் லீவு கேட்டுவிட்டாராம். "எம்புள்ள கைவேலைய ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேம்மா" என்றார்.

ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்கும் கம்பி அது. உன் அம்மா பால் வெட்டும் மரவரிசையில், அவர் நெறையில், விழுந்து கிடந்ததைப் பொறுக்கினோம். நான் சமையலறைக் கிச்சாப் போத்தலைப் பிடித்துக்கொள்ள, உடம்பிலுள்ள புரதச் சுருளின் மாதிரியாக நீ அதன்மேல் கம்பியைச் சுற்றினாய்.

"ஆடாம புடி லா. போத்தல் ஒன்னும் கடிக்காது."

பிறகு ஒவ்வொரு சுற்றையும் மேல்சுற்றோடு சிவப்புக் கம்பளி நூலால் கட்டினாய். புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியில் இருக்கும் ஆக்சிஜன், நாலு கண்ணி தள்ளி இருக்கும் ஹைட்ரஜனை இழுக்கிறது. அந்தப் பிணைப்புத்தான் நூல் என்றாய். "அப்ப யாருடி சுத்தி விடுறா?" என்று கேட்டேன். தலையில் குட்டினாய். "யாரும் இல்ல, மக்கு. இழுத்துக்கிட்டு அதுவாச் சுருண்டுக்குது." சில சங்கிலிகள் சுருளாமல், பக்கம் பக்கமாகப் படுத்து மடிப்புத் தகடாகும் என்று நோட்டுத் தாளை விசிறிபோல் மடித்தும் காட்டினாய்.

நீ போன மறுவாரம், சூடு ஏறினால் அந்தப் பிணைப்புகள் அறுந்துபோகும், முட்டை வேகும்போது நடப்பது அதுதான் என்றார் அறிவியல் பாடம் எடுக்கும் சிக்கு. உனக்குள்ளும் அப்படித்தான் அறுந்ததா? வகுப்பு முடிந்து, தனியாகப் போய்க் கேட்டேன். முட்டை வேகும் சூடு உடம்புக்கு வராது என்றார். ஆனாலும் தினமும் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று மாலை பேசவேண்டியதை மனப்பாடம் செய்யப் புத்தகத்தைத் திறந்தேன். படத்தில் முன்பக்கச் சுற்றுகள் எல்லாம் இடமிருந்து வலமாக மேலே ஏறுகின்றன. உன்னுடையவை வலப்பக்கம் கீழே இறங்குகின்றன. அச்சுப்பிழை என்று நினைத்தேன். சுருளைத் தலைகீழாக நிறுத்தினேன். அப்போதும் மாறவில்லை. நம் உடம்பில் இருப்பது வலம்புரி. நீ சுற்றியது இடம்புரி.

ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. பால் வெட்டும் கத்தி மேல் இடத்திலிருந்து கீழ் வலத்துக்குத்தான் போகும். நாலாம் வகுப்பிலிருந்து உன் அம்மாவுக்கு வெட்டிக் கொடுத்த கை அது. மரத்தைச் சுற்றிய பழக்கத்திலேயே போத்தலையும் சுற்றிவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

இப்படியே கொண்டுபோனால், "யார் செஞ்சது இது? தப்பு" என்று நடுவர் கேட்பது உன் அம்மா காதில் விழும். பிரித்துச் சுற்றினால், அவர் பார்க்கப்போவது உன் கைவேலையாக இருக்காது. ஒரு நூலை அவிழ்த்தேன். மறுபடி கட்டிவிட்டேன்.

எழுந்தபோது, சுவரில் அப்பாவின் சவரக் கண்ணாடியில் சுருள் தெரிந்தது. அதில் அது வலம்புரி! கிட்டே போய்ப் படத்தோடு ஒப்பிட்டேன். அப்படியே இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். காலையில் அப்பா தேடுவார், திட்டும் விழும். மேசையில் உன் சுருளுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, "நாங்க சுத்தினது தப்பு. கண்ணாடியில தெரியறதுதான் சரி" என்று உன் அம்மா முன்னாலேயே சொல்லப்போகிறேன். நடுவர்கள் சிரித்தால் என்ன செய்வேனோ தெரியாது. கேள்விக்கெல்லாம் நீதானே பதில் சொல்வாய்.

என்ன கேட்டாலும் "நாங்க" என்றுதான் தொடங்குவேன். "நான்" என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.