ஒரே மாதிரி இரண்டு கிடார்

என் ஆசை நைனா,

உனக்கு நான் வாங்கிக் கொடுத்த கிடார் தப்பான கிடார். இதை உன்னிடம் நேரில் சொல்ல ஏழு வாரம் இருந்தது. அப்போது எனக்கே தெரியாது. தெரிய வந்தபோது நீ இல்லை. நீ போய்ப் பத்து மாதம் கழித்து, இவ்வளவு தாமதமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் படத்துக்கு முன்னால் தனியாக நின்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கிடாரைச் சபை முழுக்கப் பார்க்கக் கொடுத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டவள் உன் மகள் நான். பெருமையை எல்லோர் முன்னாலும் வாங்கிவிட்டு, தப்பை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆகி, சித்தூரில் எங்களோடு தங்க வந்தபோது நீ கொண்டுவந்தது இரண்டு பை துணியும் அந்த எலெக்ட்ரிக் கிடாரும்தான். வெளிர்நீலம். அதற்கு நீலா என்று பெயர்கூட வைத்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் அவள் குரல் தனியாகத் தெரியும். மணி அடித்த மாதிரி, கடைசி பெஞ்சு வரைக்கும்.

ரிட்டயர் ஆன பிறகு உனக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. இரண்டாவதாக ஒரு கிடார். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தாய். தடித்த, கனமான ஒன்று. உள்ளே பாதி குடைந்து, மேலே வயலினுக்கு இருப்பதுபோல வளைந்த துளை இரண்டு போட்ட இன்னொன்று. எது நல்லது என்று என்னிடம்தான் கேட்பாய். நான் பார்க்காமலே இதுவும் நல்லாதான் இருக்குது, அதுவும் நல்லாதான் இருக்குது என்பேன்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய்: "நீலா நல்லா பாடறா. ஆனா அவளுக்கு ஒரத்துதான் பாட வரும். ரெண்டாவதுன்னு ஒருத்தி வந்தா, இவளால ஆவாதத செய்யறவளா இருக்கணும். மெல்ல பேசறவ."

"ஒண்ணையே ஊட்ல வாசிக்க முடியல. இன்னொண்ணு எதுக்கு நைனா?"

"அதுக்குத்தாம்மா…"

உள்ளே உன் பேத்தி அனு இருமினாள். நான் எழுந்து ஓடிவிட்டேன். நீ அந்த வாக்கியத்தை முடித்தாயா? முடித்திருந்தால் யாரிடம் முடித்தாய்?

என் பயம் உனக்குத் தெரியும். அனு பிறந்த மூன்றாம் நாள் காதுப் பரிசோதனையில் இடது காதை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு காதும் நன்றாக இருந்தன. டாக்டரம்மா சிரித்தபடியே அனுப்பி வைத்தார். எனக்குத்தான் அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. குக்கர் விசிலுக்கு அவள் காதைப் பொத்தினேன். மிக்சியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்தேன். நீ வந்த வாரமே, வீட்டில் ஆம்ப், அந்த ஒலிபெருக்கிப் பெட்டி, போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ "சரிம்மா" என்றாய். மறுநாள் ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றி, சர்ச்சில் அங்கிகள் மாட்டி வைக்கிற அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாய்.

அதற்குப் பிறகு வீட்டில் நீலாவை ஒயர் மாட்டாமல்தான் வாசித்தாய். கட்டையில் குடைவே இல்லாத கிடார். ஆம்ப் இல்லாவிட்டால் கொசு முனகுகிற அளவுக்குக்கூட வராது. அனு என்ன செய்தாள் என்று நினைவிருக்கிறதா? உன் முழங்காலருகே நின்று, கிடாரின் கட்டையில் காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வந்த நான், "கம்பி கண்ல குத்திடும், வாடி இங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அழுதாள். நீ கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்திவிட்டு, கிடாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாய்.

இத்தனைக்கும் உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அதே வாரம் உன் பிறந்தநாள். வீட்டுக்காரரைக்கூட அழைக்காமல், போனில் நீலாவின் படத்தை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏற்கெனவே இந்த டைப் இருக்குது கதா அம்மா? ரெண்டாவதுன்னா வேற டைப் எடுத்துக்குவாங்க. சார்கிட்ட ஒருக்கா போன்ல அடகண்டி."

"வேணாங்க, சர்ப்ரைஸ். இதே மாதிரிதான் வேணும். அச்சு அசலா இதே."

கேளுங்கள் என்று தெலுங்கில் சொன்னார் அந்த மனிதர். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தோன்றியது, உன் மகளுக்குத் தோன்றவில்லை. நிறம் மட்டும் சிவப்பாகப் பார்த்து எடுத்தேன். அதுவே பெரிய யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

நம் சபை வழக்கம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஃபேனோ பாயோ கீபோர்டோ, ஆராதனைக்கு என்று புதிதாக வந்த எதுவும் முதலில் பீடத்தின் முன்னால் வைக்கப்பட வேண்டும். போதகர் ஐயகாரு அதன்மேல் கையை வைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகு அது கடைச் சாமான் இல்லை. விற்கவும் மாட்டோம், மாற்றவும் மாட்டோம். பூசணிக்காய்களுக்கும் கரும்புக் கட்டுக்கும் நடுவில் அந்தச் சிவப்புக் கிடாரை நிறுத்தி வைத்து, ஜெபம் முடிந்த பிறகுதான் உன்னை முன்னால் வரச் சொன்னேன். ஜெபத்துக்கு முன்னால் உனக்குக் காட்டியிருக்கலாம். காட்டினால் சர்ப்ரைஸ் போய்விடுமே.

அனு ஓடி வந்து, "தாத்தா, ரெட்டப் புள்ளயா?" என்றாள். சபையே சிரித்தது. நீ கிடாரைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "நல்லாகீதும்மா. எங்கயோ பாத்த மொகமா கீது."

இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். கைதட்டினார்கள். அன்றிலிருந்து ஏழு ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பையே வாசித்தாய். நீலா பையை விட்டு வெளியே வரவில்லை. உனக்கு எவ்வளவு பிடித்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் ஞாயிறுக்கு முன்பே, கார்வேட்டிநகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸிலேயே சாம் சித்தப்பாவின் தோளில் சாய்ந்துவிட்டாய்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்தே உன்னோடு இருந்தவர் சாம் சித்தப்பா. சபையில் உனக்குப் பக்கத்தில் டிரம்ஸ் அடிப்பவர். அவர்தான் போன மாதம் வீட்டுக்கு வந்தார். சுவரில் நான் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்திருந்த இரண்டு கிடாரையும் பார்த்தார்.

"ரெண்டையும் மாட்டி வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப்போற?"

"நைனாவுக்குப் பிடிச்சதாச்சே சித்தப்பா. இருக்கட்டும்."

"பிடிச்சதா?" டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அவன் கேட்டுக்கினு இருந்தது இது இல்லியேம்மா."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவர் சொல்ல விரும்பவும் இல்லை. நான் விடவில்லை.

"அன்னிக்கே சொன்னேன்மா. டேய், திருப்பதிக்குப் போயி மாத்திக்கினு வந்துடலாம், உம்பொண்ணு எஸ்தருக்குத் தெரிய வேணாம்னு. இன்னா சொன்னான் தெரியுமா? ஐயகாரு கைய வச்சி ஜெபம் பண்ணிட்டாரு, கர்த்தர்கிட்ட ரசீது காட்டி மாத்திக் குடுன்னு கேக்கச் சொல்றியாடான்னான்."

அது உன் பேச்சேதான். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் சொன்னான். எம்பொண்ணு பயத்த விட்டுட்டு சிரிச்சி எவ்ளோ நாளாச்சி, கிடார மாத்தினா அதையும் இல்ல திருப்பிக் குடுக்கணும்னான்."

"நைனா எதைக் கேட்டாரு சித்தப்பா?"

"அந்த ஓட்ட வச்ச கிடாரு. உள்ள காலியா இருக்கும். ஒயர் மாட்டாமயே ஒரு ரூம் அளவுக்குக் கேக்கும், அதுக்கு மேல கேக்காது. ஆம்ப் போட்டா எம்பொண்ணு பயப்படுது, போடலன்னா பேத்திக்குக் கேக்கல, நடுவுல ஒருத்தி வேணும்டான்னு தேடிக்கினு இருந்தான்."

"சாதாரண மரக் கிடார் போதுமே, அதுக்கு?"

"அதுல கம்பி தடிப்பும்மா. அழுத்தணும். எலெக்ட்ரிக்ல கம்பி சன்னம். அவன் வெரலு முட்டியெல்லாம் வீங்கிக்கினு இருந்துச்சே, உனக்குத் தெரியாதா?"

தெரியாது நைனா. அனுவுக்கு ஒரு நாளில் எத்தனை தும்மல் என்று எனக்குத் தெரியும். உன் விரல் எனக்குத் தெரியாது. ஒரே மேசையில்தானே சாப்பிட்டோம்? நீ சோறு பிசைவதை நான் பார்த்ததே இல்லையா?

நீ கிடார் கேட்டது சத்தம் போட அல்ல, சத்தத்தைக் குறைக்க. என் பயத்துக்கும் அவள் காதுக்கும் நடுவில் ஒரு இடம் தேடினாய். நான் மறுபடியும் உனக்கு உரத்துப் பாடுகிறவளையே வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொரு கிடார் வாங்க முடிவு செய்து, இந்த முறை எல்லோரையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். சிவப்பு இனி சபையிலேயே இருக்கட்டும், யார் கற்றுக்கொண்டாலும் வாசிக்கட்டும் என்று ஐயகாருவிடம் கேட்டேன், சரி என்றார். சாம் சித்தப்பாவிடம் கேட்டேன். சபைக்கு என்றால் தடித்த கிடார்தான் நல்லது, டியூப்லைட் போட்டால் நீலாவுக்கு ஆம்ப்பில் வருகிற அந்தக் கொர் சத்தம் அதில் வராது என்றார். வீட்டுக்கு என்றால் நைனா கேட்டதுதான் என்றார். வீட்டுக்காரர் பிரபுவிடம் கேட்டேன். மூன்று பேரும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். சந்திரகிரி தாண்டியதும், "இப்ப வாங்கி, யாரு வாசிக்கறது எஸ்தர்?" என்றார்.

கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "சார் பாகுன்னாரா?" என்று உன் நலம் கேட்டார். பிரபுதான் பதில் சொன்னார். அதன் பிறகு கடைக்காரர் எதையும் விற்கப் பார்க்கவில்லை. இரண்டையும் இறக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். தடித்ததைத் தூக்கிப் பார்த்தேன், தோளை இழுத்தது. குடைந்ததைத் தூக்கினேன். இவ்வளவு லேசா நைனா? இதை ஒரு தடவையாவது நீ மடியில் வைத்துப் பார்த்திருக்கிறாயா, இல்லை எல்லாம் போனில்தானா?

"ஒயர் இல்லாம வாசிச்சிக் காட்டுங்க" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாக வாசித்தார். அடுத்த அறையில் யாரோ வேலை செய்துகொண்டே முனகுகிற மாதிரி இருந்தது. கடை வாசலில் போன ஆட்டோச் சத்தத்தில் மறைந்துவிட்டு மறுபடி வந்தது. மெல்லப் பேசுகிறவள். நீ சரியாகத்தான் சொன்னாய்.

அனுவுக்கு இப்போது நாலு வயது. பிரபுவின் கையை விட்டுவிட்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

போகலாமா என்று கேட்கிற பார்வை அது. அழுகை இல்லை, அடம் இல்லை. ஒரு சத்தம் பிடித்திருந்தால் முதலில் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழந்தை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக் கொடுத்தது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"போ கண்ணு" என்றேன். இரண்டு அடி போனாள். மறுபடி திரும்பிப் பார்த்தாள். "போம்மா" என்றேன். கடைக்காரரின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பாட்டு முடியும்வரை அவ்வளவு தூரத்திலேயே நின்றாள். அதற்கு மேல் போகவில்லை.

குடைந்ததைத்தான் வாங்கினோம். கூடத்தில் அனுவுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. தொட்டால் எடுத்து வைக்கமாட்டேன், கீறல் விழுந்தால் திட்டமாட்டேன். நானே கற்றுக்கொள்கிறேன். மோசமாகத்தான் வாசிப்பேன், விரல் இப்போதே எரிகிறது. ஆனாலும் தினமும் அவள் விழித்திருக்கும்போதே வாசிப்பேன் நைனா. என் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் அவள் நேராக அதனிடம் போகிற நாள்வரைக்கும் வாசிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னைக் கேட்காமலே இருந்துவிட்ட,
உன் மகள்,
அனுவின் அம்மா எஸ்தர்