தெமட்டகொடைப் படத்தின் ஊசித்துளை

3 மார்ச் 1962
வெள்ளவத்தை ஓவிய வகுப்பு. காயட்டும் என்று போன கிழமை விட்டுவந்த என் நீர்வர்ணப் படத்தைக் காணவில்லை. தெமட்டகொடை றெயில்வே யார்ட், மழை விட்ட நேரம். நவரத்தினம் மாஸ்டரிடம் கேட்டேன். "அதுவோ? எக்சிபிஷனுக்குப் போயிட்டுது" என்றார், தூரிகையைக் கழுவியபடியே. சந்தோஷமாகத்தான் இருந்தது. மடையன் நான்.

6 மார்ச்
வேலை முடிந்து எக்சிபிஷன் மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். படங்களைப் பலகையில் குத்தியாயிற்று. என் படத்தின் மூலையில் சிவப்பு வர்ணத்தில் 'க. நவரத்தினம்'.

கோடு முழுவதும் என்னுடையது. அவர் செய்தது கடைசியில் வானமும், தண்டவாளத்து ஈரத்தில் விழுந்த வெளிச்சமும். எல்லாருடைய படத்திலும் அப்படித்தான் கை வைப்பார், "முடிச்சுவிடுறன்" என்று. அதற்காகப் பெயரையுமா? கூடப் படிக்கும் ஜெகதீஸ்வரி சொல்கிறாள்: "அவர் தொட்டா அவற்ற படம்தான். ஒருத்தரும் கேக்கிறேல்லை."

நான் கேட்பேன்.

7 மார்ச்
விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு அம்மா, "தவக்காலத்தில ஆரோடயும் கொழுவாதை" என்கிறா. சண்டை பிடிக்கத்தான் போறன்.

9 மார்ச்
பிடி கிடைத்துவிட்டது! நான் றெயில்வேயில் பிளான் கீறுகிறவன். தண்டவாளங்கள் எல்லாம் தூரத்தில் போய்ச் சேருகிற புள்ளியில் ஊசி குத்தி, அதில் அடிமட்டத்தைச் சாய்த்துத்தான் கோடு இழுப்பேன். அந்தத் துளை தாளில் இருக்கும். மாஸ்டர் அடிமட்டத்தைத் தொடவே மாட்டார். தொடுகிற என்னைத் "தச்சன்" என்று நக்கலடிப்பார். நாளைக்குத் திறப்புவிழா. எல்லாருக்கும் முன்னால் தாளை வெளிச்சத்தில் பிடிப்பேன். நாறட்டும் மனிசன்.

10 மார்ச்
பிடித்தேன். துளையால் வெளிச்சம் வந்தது. "இந்தத் துளை எப்பிடி வந்தது மாஸ்டர்?"

அவர் மறுக்கவில்லை. "ஓம். கோடு உன்ர. வானம் என்ர. கழுவித் தரட்டோ?"

"கழுவுங்கோ."

நனைத்த பஞ்சால் அங்கேயே துடைத்தார். வானம் போனது, மழையின் ஈரம் போனது, அவர் பெயரும் போனது. வர்ணத்துக்கு அடியில் கிடந்த பென்சில் கோடு மட்டும் அசையவில்லை. "இந்தா தச்சன், உன்ர படம்." ஆரோ சிரித்தார்கள்.

வென்றது நான்தானே? பிறகேன் தாளைச் சுருட்டிக்கொண்டு பின்வாசலால் வந்தேன்?

25 மார்ச்
கொட்டாஞ்சேனை வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது, என் பெயரோடு. சூசைதாசன் மாமா நிமிர்ந்து பார்த்தார். "ஒபீஸ் பிளானே, மருமகன்?"

வேறு தாளில் வானம் போட்டுப் பார்த்தேன். சேறு. இன்னொரு தாள் — அதுவும் சேறு.

7 ஏப்ரல்
வெள்ளவத்தைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஜெகதீஸ்வரியின் படத்தின் மேல் குனிந்திருந்தவர் என்னைக் கண்டதும் தூரிகையைக் கீழே வைத்தார். "நீயே முடி, பிள்ளை." பிறகு என்னிடம், "என்ன வேணும்?"

"வானம்."

"அடிமட்டத்தை வெளியில வைச்சிட்டு வா."

வைத்தேன். வானம் போடப் பழகி முடியட்டும். அடுத்த எக்சிபிஷனில் அவற்ற வானத்துக்குப் பக்கத்திலேயே என்ர வானத்தைக் குத்துவேன். சனம் எதுக்கு முன்னால நிக்குது எண்டு பாப்பம்.