சாம்பிராணி மணத்த முதல் தேயிலை

அன்புள்ள மகன் ஜீவராஜுக்கு,

அம்மா வீரம்மா எழுதுகிறேன். மாரியம்மா கண் திறந்து பார்த்ததில் நாங்கள் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், பர்மிங்காம் குளிரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் மஸ்கெலியா பஸ் ஹார்ன் அடித்தால் முதல் ஆளாக ஓடி ஏறுகிறார். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். அன்றைக்குப் போனில் நீ அழுதாய், பிறகு நானும் அழுதேன், சொல்ல வந்தது ஒன்றையும் சொல்லவில்லை. மேல் லயத்து வரிசை வீட்டுக் கிருஷாந்தி லீவு முடிந்து வியாழக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா பார். இருநூறு வருஷமாகத் துப்பாக்கி செய்கிற உங்கள் கம்பனி நொடித்துப்போய், இப்போது புது முதலாளி ஒருவர் வாங்கியிருக்கிறார். இருக்கிறவர் யார், விலகுகிறவர் யார் என்று மாதக் கடைசிக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நம்ம தேயில ஃபேக்டரியும் கைமாறிச்சே அம்மா, எங்க கம்பனி எழும்புமான்னு நீங்களே சொல்லுங்க என்று கேட்டாய். அதற்குப் பிறகுதான் மெல்ல அடுத்ததைச் சொன்னாய். புது முதலாளிக்கு வந்த முதல் ஆர்டருக்கு மரப்பிடி இழைக்கும்போது உளி ஆழமாக இறங்கிவிட்டது, முந்திய முதலாளிமார் காலத்திலிருந்து காயப்போட்டு வைத்திருந்த வால்நட் கட்டை பாழாகிவிட்டது, அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாய், யாருக்கும் தெரிவதற்கு முன்னால் விலகி வந்துவிடலாமா என்று பார்க்கிறாய். துப்பாக்கி என்றாலே எனக்குப் பயம். உன் அப்பா கேட்கிறவர்களிடமெல்லாம் மகன் இங்கிலாந்தில் மேசை நாற்காலி செய்கிறான் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனால் இருநூறு வருஷம் ஒரே வேலையை ஒரே இடத்தில் செய்திருக்கிறார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம்! அந்த இடத்தில் என் பிள்ளையும் உளி பிடித்து நிற்கிறான் என்று நினைக்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இனி இங்கே நடந்ததைக் கேள். நம் ஃபேக்டரி மூன்று வருஷம் பூட்டிக் கிடந்தது உனக்குத் தெரியும். ஹட்டனில் தேயிலை வியாபாரம் செய்கிற மர்சூக் என்பவர் அதை வாங்கினார். பழைய தோட்டத்து அதிகாரிமாரைப் போலத் தொரை என்று கூப்பிடுவதா முதலாளி என்று கூப்பிடுவதா என்று லயத்தில் ஒரு வாரம் பெரிய வழக்கு, கடைசியில் முதலாளி என்றே நிலைத்துவிட்டது. மனிதர் வந்த முதல் நாளே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 1893 என்று இரும்பில் வார்த்திருக்கிற அந்தக் கொழுந்து அரைக்கிற மெசினுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். எந்தத் தொரையும் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் செல்லசாமி ஐயாவையும், வேலையை விட்டு நின்ற என்னைப் போன்ற கிழவிகள் ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டார். திறப்பு நாளன்று பெல்ட் மாட்டி மெசினைச் சுற்றவிட்டார்கள். தரையின் அதிர்வு என் உள்ளங்காலில் ஏறியது மகனே, உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு அதே இடத்தில் நின்றிருக்கிறேன், அந்த அதிர்வுக்கு நீ உதைப்பாய். நூற்று முப்பது வருஷத்து இரும்பு மூன்று வருஷம் உறங்கிவிட்டு எழுந்து வேலைக்கு வருவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அழுதுவிட்டோம்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. ஆயுத பூசைக்கு ஃபேக்டரி முழுக்கச் சாம்பிராணி காட்டுவோமே, அதே போலக் காட்ட வேண்டும் என்று நான்தான் தூபக்காலைத் தூக்கினேன். ஆயுத பூசை அன்று கழுவித் துடைத்து வெறுமையாக இருக்கும், ஒரு கொழுந்து இருக்காது. திறப்பு நாளிலோ மாடியில் வாட்டத்துக்குப் பரப்பிய கொழுந்து நிறைந்து கிடந்தது, அடியில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என்ன மணம் இருந்தாலும் தேயிலை குடித்துக்கொள்ளும் என்று புதுப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். கண்ணீரில் எல்லாம் மறந்து, கற்பூரமும் சேர்த்துப் போட்டு, ஃபேன் வாய்க்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அது அவ்வளவு புகையையும் இழுத்துக் கொழுந்துக்கு ஊட்டிவிட்டது. அடுத்த வாரம் கொழும்பில் ருசி பார்க்கிறவர்கள் சொல்லி அனுப்பினார்கள், இது தேயிலையா கோயில் தீர்த்தமா என்று. முதல் சரக்கே திரும்பிவிட்டது. இனி யார் வாங்குவார்கள், மறுபடி பூட்டுதான் என்று லயம் முழுக்கப் பேச்சு. தேயிலை காயவைக்கிற அடுப்பு விறகில்தான் பிழை, செல்லசாமி ஐயா கவனிக்கவில்லை என்று பழி அவர் தலையில் விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இரண்டு நாள் எனக்கு ஏழாம் நம்பர் வீட்டு ஆயாவிடம் வெற்றிலை வாங்கப் போகவும் கூசியது.

மூன்றாம் நாள் காலை ஆபீசுக்குப் போய், நான்தாங்க முதலாளி சாம்பிராணி போட்டேன், ஐயா மேல குத்தம் இல்லிங்க, என்னைய நிப்பாட்டிருங்க என்றேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தெரியும் அக்கா, பொகை மாடிக்கு ஏறக்குள்ளயே எனக்கு மணத்திச்சு, முப்பது வருஷமா தேயில யாவாரம் செய்றவன் எனக்கா தெரியாது என்றார். அப்ப ஏங்க தடுக்கல என்று கேட்டேன். எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கிறீங்க, அந்த நேரத்துல வாயத் தொறக்க எனக்கு மனசு வரல்ல, அது என் பிழைதான், அந்தச் சரக்க நாம ரெண்டு பேரும் சேந்துதான் பாழாக்கினோம் என்றார். ரெண்டு நாளா இந்த வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன், யாராச்சும் வந்து உண்மையச் சொல்றீங்களான்னு, ஒருத்தரும் வராட்டி இத வித்துட்டுப் போயிருப்பேன் அக்கா என்றும் சொன்னார். ஒரு ஃபேக்டரியின் உயிர் முதலாளியின் பையில் இருக்கிறது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், என் வாயிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அன்று மாலையே எல்லோர் முன்னாலும் செல்லசாமி ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சரக்கை வீட்டுக்கு வீடு பங்கிட்டுவிட்டார்கள், இப்போது எந்த லயத்தில் தேத்தண்ணி ஊற்றினாலும் கோயில் வாசம்தான், உன் அப்பா குடிப்பதற்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு என்னைக் கிண்டல் செய்கிறார். இரண்டாவது சரக்கு போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. நம் ஃபேக்டரி பிழைத்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆகையால் உங்கள் கம்பனி எழும்புமா என்று என்னைக் கேட்காதே ராசா. நீ போனதற்குப் பிறகு அலுமாரியைத் திறப்பார்கள், பக்கத்து மேசைக்காரன் தலையில் பழி விழும், அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அந்தக் கட்டையை நீயே எடுத்துக்கொண்டு போய்ப் புது முதலாளியின் மேசையில் வை, நான்தான் செய்தேன் என்று சொல். அவர் உனக்கு நாற்காலி போடுகிறாரா, கதவைக் காட்டுகிறாரா என்று பார். போட்டால் அங்கே இரு. கதவைக் காட்டினால் அன்றைக்கே புறப்பட்டு வா, உனக்குப் பாய் விரித்து வைத்திருப்பேன். சொல்லாமல் மட்டும் வராதே.

நீ தொட்ட மரமெல்லாம் துலங்கட்டும், கண்ணும் கையும் பழுதில்லாமல் நூறு வயது இரு. உளி பிடிக்கிற கைக்கு இரவில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள், மறந்துவிடாதே.

உன் முகத்தை நினைத்துக்கொண்டு,
அம்மா
வீரம்மா கந்தப்பன்
மஸ்கெலியா