துடுப்புப் போட்டிப் படிவம்

ஸ்கார்விக்,
ஜூன் 25

அன்பு மகள் மாரித்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். தனித்தனியாக நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், பெர்த்தில் பதினெட்டு டிகிரியைக் குளிர் என்று சொல்லி நீ போனில் நடுங்கியதை அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தனித்தனியாக என்றேன். அம்மா போனில் உன்னிடம் சொன்னாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. மார்ச் மாதம் அம்மா துறைமுகத்தின் அக்கரையில் வீடு எடுத்துக் குடிபோய்விட்டாள். சண்டை இல்லை. "முப்பது வருஷம் உன் மௌனத்தோட பேசிட்டேன் ஹால்வர், இனி ரேடியோவோட பேசிப் பாக்குறேன்" என்றாள், ரேடியோவை எடுத்துக்கொண்டாள். ஊருக்கே தெரியும், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கூட்டுறவுக் கடையில் நான் ரொட்டி எடுத்தபோது மட்டும் கடைக்காரி, பாதியாக வெட்டியும் தருவோம் என்றாள். உனக்கு இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறையும் வானிலையைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

உன்னோடு படித்த ஐவின்தான் இப்போது நகராட்சியில் கலை, விளையாட்டு, சுற்றுலா மூன்றுக்கும் ஒரே அதிகாரி. ஜூன் தொடக்கத்தில் வந்தான். இந்த வருடச் சுற்றுலாக் கையேட்டின் அட்டையில் நானும் அம்மாவும் படகில் துடுப்புப் போடும் படம், மூவாயிரம் பிரதி, அச்சாகி வந்துவிட்டது. கப்பலில் வருகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் தேடுகிறார்கள். ஒரு ஜெர்மன்காரர் என் தோட்டத்து வேலியருகே நின்று, மனைவி எங்கே என்று சைகையில் கேட்டார். அக்கரையைக் காட்டினேன். அதையும் படம் எடுத்துக்கொண்டார். ஆனால் நடுக்கோடைப் போட்டியில் ஒரு படகில் ஒரே கூரையின் கீழ் தூங்குகிற இருவர்தான் இருக்கலாம், விதி உனக்குத் தெரியும். ஐவின் சொன்னான், "கலை அதிகாரியா எனக்கு வருத்தம் ஹால்வர். விளையாட்டு அதிகாரியா உங்களப் போட்டிக்குள்ள விட முடியாது. சுற்றுலா அதிகாரியா கெஞ்சிக் கேக்குறேன், வந்துடுங்க." இதில் யாருக்குக் காபி ஊற்ற என்று கேட்டேன். மூணு பேருக்கும் என்றான். மூன்று கோப்பை குடித்தான்.

அவன் வைத்துவிட்டுப் போன படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதினேன். முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் பழைய முகவரியை எழுதினால் திரும்பி வருகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. வாயால் கேட்க மூன்று மாதம் இருந்தது. பதினொரு நாள் காத்திருந்தேன். அவள் பக்கத்துப் படுக்கை விரிப்பை இரண்டு தடவை மாற்றினேன்.

போட்டி அன்று துறையில் வைத்துப் படிவத்தை ஐவினிடம் நீட்டினாள். அவன் படித்தான், மடித்தான், என்னைப் பார்க்கவில்லை. புது முகவரி. "காயிதத்துல பொய் எழுத மாட்டேன்டா ஐவின். துடுப்பு வேணும்னா போடுறேன். எங்களக் கணக்குல சேக்காத, அவ்வளவுதானே?" என்றாள். சேர்க்கவில்லை. கப்பலில் வந்த இருநூறு பேர் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடமாகப் போட்டியில் இருக்கிறோம், ஆறாவது இடத்துக்கு மேல் வந்ததில்லை, இந்த முறை இரண்டாவதாக வந்தோம், இரண்டாம் பரிசான வெள்ளிக் கரண்டியை எங்களுக்குப் பின்னால் வந்த மருந்துக்கடைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது அவள் முதுகைப் பார்த்து, நம் வீட்டு முகவரியையே எழுதியிருக்கலாம் என்றேன். "கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள். துடுப்பை நிறுத்தவில்லை.

நேற்று அக்கரைக்குப் போனேன். கதவைத் தட்டிக் கேட்டேன். முழு வாக்கியமாகக் கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள். காபி கொடுத்தாள், ரேடியோவை அணைக்கவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்வாய். என் பக்கம் பேசாதே, அவள் பக்கமும் பேசாதே, அவள் யோசிக்கட்டும். செப்டம்பரில் உன் பாஸ்போர்ட் காலாவதியாகிறது, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் பதில் வராத
உன் அப்பா ஹால்வர்