பிரார்த்தனை என்று நினைத்தார்கள்

தூர தேசத்தில் இருக்கும் என் தங்கத்துக்கு, பாட்டி கைப்பட எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் என் கண்ணாடியைத் திட்டு, என்னைத் திட்டாதே.

அம்மா போன அன்றைக்கு அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று போனில் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன். வார்டு நர்ஸ் இருந்தாள். கூட்டித் துடைக்கிற ஆயா இருந்தாள். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரர் வந்து போனார். ஜன்னலோரக் கட்டிலில் மகாராணி இருந்தாள். நான் இல்லை. நீயும் இல்லை.

மகாராணி என்பது உன் அம்மா வைத்த பேர். பக்கவாதம் வந்து பேச்சு போன கிழவி. ஒரு கைதான் அசையும். எட்டிப் பார்க்க ஆளில்லை. யார் ஊட்டப் போனாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள், உன் அம்மாவுக்கு மட்டும்தான் வாய் திறப்பாள். தையல் கடைக்குப் போகும் முன் உன் அம்மா தினமும் அந்த வார்டுக்குப் போய், ஆளில்லாத பெண்களுக்குத் தலை வாரி, முகம் துடைத்து, ஊட்டிவிட்டு வருவாள். சம்பளம் தருகிற வேலைக்குத் தாமதமாகப் போனதுண்டு, இதற்குப் போனதில்லை.

துக்கத்துக்கு வந்த உன் அத்தை, ஊருக்கெல்லாம் ஊட்டினவள் பெற்ற பிள்ளைக்கு என்ன ஊட்டினாள் என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். உன் அப்பா போன அன்று அவள் வாசலோடு திரும்பிப் போனவள். கட்டியிருந்த பச்சைப் புடவையின் கரை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு, காய்ச்சலில் தன் உடம்பு அனலாகக் கொதிக்க, உன் அம்மா மிஷின் மிதித்ததை அவளா பார்த்தாள்? நான் பார்த்தேன்.

உன் அம்மாவின் பக்தி உனக்குத் தெரியும். எதைத் தொடங்கினாலும் முடித்தாலும் கண்ணை மூடிவிடுவாள். அப்போது வீடே மூச்சு விடாமல் இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நீ சர்க்கரை டப்பாவைத் திறப்பாய். அவள் கண்ணைத் திறக்காமலே, மூடியை நல்லா மூடு என்பாள்.

வார்டிலும் அதே பழக்கம். ஊட்டி முடித்ததும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். அவள் எழுந்திருக்கும்வரை யாரும் சத்தம் போட மாட்டார்கள்.

அன்றைக்கும் மகாராணிக்கு ஊட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். நர்ஸ் பார்த்துவிட்டு மருந்துத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். துடைக்க வந்த ஆயா அந்த நாற்காலியைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். டீக்கடைக்காரர் டம்ளரை ஜன்னலில் வைத்தார். திரும்ப எடுக்க வந்தபோது டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. இன்றைக்கு விரதம் போல என்று எடுத்துப் போய்விட்டார்.

மகாராணிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. தொண்டையிலிருந்து என்னென்னவோ சத்தம் போட்டிருக்கிறாள். நர்ஸ் வந்து உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதீங்க பாட்டி, அக்கா சாமி கும்பிடுறாங்க" என்று அடக்கியிருக்கிறாள். டாக்டர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கையைப் பிரித்தெடுக்க மகாராணி விடவே இல்லையாம். அதனால் உன் அம்மா யாருமில்லாமல் போனாள் என்று நீ அழாதே.

நர்ஸ் நம் வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. அவள் எழுந்து போகப் பார்த்தபோதுதான் உள்ளே கூப்பிட்டேன். பாவம், மரியாதை கொடுத்ததுதான் அவள் செய்த தப்பு.

இப்போது காலையில் நானே வார்டுக்குப் போகிறேன். மகாராணி எனக்கும் வாய் திறப்பதில்லை. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுக்கு வந்தால் அதுகூட இல்லை. குழாயை மூடினேனா என்று நானே கேட்டு, மூடியாச்சு என்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

டீக்கடைக்காரர் போன வாரம் ஒன்று சொன்னார். போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் உன் அம்மா அவர் கடை பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருக்கிறாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே, பயந்துடுவாங்க" என்றாளாம். டீ ஆற்றுகிறவருக்குத் தெரியும். பெற்ற எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் முகம் ஏன் வெளுத்திருக்கிறது என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

தங்கமே, போன ஞாயிற்றுக்கிழமை உன் குரல் ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல பாட்டி, நல்லாத்தான் இருக்கேன் என்று நீயும் சொல்லிவிட்டு போனை வைத்தாய். அதே இழுப்பு. வேலை போச்சா, உடம்பா, மனசா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் என்னிடம் சொல். எனக்குப் பயந்து பழக்கம் உண்டு, தாங்குவேன். ஒருவருக்காகப் பயப்படக்கூட முடியாமல் இந்த வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன்?

கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும். நோவு இல்லாமல் இரு. இருந்தால் மறைக்காமல் இரு. நர்ஸை மன்னித்துவிட்டேன். உன் அத்தையையும் என்றைக்காவது மன்னிப்பேன், அவசரமில்லை. சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருப்பது ஒருத்தியைத்தான். உன் அம்மாவை.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்.